பொன்மணி போகாத ஊரு

நெசமாவா சிஸ்டர்? ஜம்மு ஆஸ்பத்திரியில உள்ளவுக அப்படியா கேட்டாக? நம்ம பக்கம் வருசம் பூரா மளை ஊத்திக்கிட்டே இருக்கும், வாசல்ல நின்னா கடல் தெரியும்னா? ஆத்தி! சிவகாசியில கடலு. எங்க ஆனைக்குட்டம் டேம்லயே முக்காவாசி வருசம் ஆடு மேயுது. நீங்க என்ன சொன்னீக? எங்க ஊர்ல மளையே கிடையாதுன்னா? அதுவும் பொய்தான சிஸ்டர். ஐப்பசியில வந்து பாக்கச் சொல்லுங்க. தீவாளி லோடு ஏத்துற நேரம் பாத்து ஊத்தும். தார்ப்பாயத் தூக்கிக்கிட்டு ஆம்பளைக ஓடுற ஓட்டத்தப் பாக்கணும்.

கலர் சோடாவக் குடிங்க, சூடாயிரும். பேன் அம்புட்டுத்தான் சுத்தும், கரண்டு கம்மி.

பொன்மணியா? மூணரை பஸ்சுக்கு வந்துருவா. சின்னவனுக்கு பள்ளிக்கூடத்துல மீட்டிங்காம், திருத்தங்கல் போயிருக்கா. நான் பெத்தது மூணு, வளத்தது பூராம் அவ. டீச்சருமாரு என் தங்கச்சியத்தான் அம்மானு நெனச்சுக்கிட்டு இருக்காக. கேட்டா சிரிச்சுக்கிடுவா.

போன வாரம் பெரியாஸ்பத்திரியில உங்களப் பாத்தப்ப நீங்க சொன்னீகள்ல, ஜூன் மாசம் ஜம்முல அடிக்கிற வெயிலுக்கு நம்ம ஊரு வெயிலு எம்புட்டோ தேவலனு. நான் பிள்ளை நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன். பிள்ளைக்கு காச்சல், அந்தக் கவலையில நிக்கானு நெனச்சிருப்பீக. லீவு முடியிறதுக்குள்ள வீட்டுக்கு ஒரு நட வந்துட்டுப் போங்க சிஸ்டர்னு மட்டும் சொன்னேன். வந்துட்டீக. நல்லது.

அவ ஏன் அப்ப ஜம்முக்கு வரலன்னா கேக்கீக?

நாந்தான் விடல.

உங்களுக்குத் தெரியும், அவ ஆஸ்பத்திரியில உங்க கூட வார்டு வேலை பாத்தப்ப எப்படி இருந்தானு. பத்தாவது படிச்சு, ஒரு வருசம் நர்சு உதவியாளு படிப்பு படிச்சு, அந்த நீலச் சேலையக் கட்டிக்கிட்டு பஸ் ஏறுனான்னா தெருவே பாக்கும். நீங்க ஜம்முக்குப் போனதுக்கு மறு வருசம், ரெண்டாயிரத்தி மூணுல, அங்கன உங்க ஆஸ்பத்திரியில ஆளு எடுக்காக, தங்க எடம் தாராக, வேலை பாத்துக்கிட்டே மேல படிக்க வைக்காகனு ஆர்டரே வாங்கி அனுப்பிட்டீக. அத வச்சுக்கிட்டு அவ ரெண்டு நாளு சோறு திங்கல. சந்தோசத்துல.

எனக்கு அப்ப மூத்தவளுக்கு மூணு வயசு. நடுவுள்ளது வயித்துல, ஆறு மாசம். எங்க வீட்டுக்காரரு சங்கிலிமுத்து, நீங்க பாத்திருக்கீக, லாரில லோடோட ஆந்திராப் பக்கம் போனாருன்னா இருவது நாளு. மாமியா இல்ல, ஆத்தா இல்ல. பொன்மணி பாத்துக்கிடலேன்னா நான் வெடிக் கம்பெனி வேனுல ஏற முடியாது. அது மட்டும்தான் காரணம்னு இம்புட்டு வருசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது மட்டும் இல்ல சிஸ்டர். இவ போயிருவா, மேல படிச்சு உங்கள மாதிரி வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு வருவா, நான் இங்கனயே வெடிக்குக் காயிதக் குளாய் உருட்டிக்கிட்டு வெரல்ல பசையோட கிடக்கணும்னு ஒரு எரிச்சலு. அதுவும் உண்டு.

ஆனா அத வெளிய சொல்ல முடியுமா? பனினு சொன்னேன்.

அவளுக்கு சின்னதுலயே இளைப்பு உண்டுல்ல. மார்களி பொறந்தா நெஞ்சுல விசிலு ஊதும். அதப் பிடிச்சுக்கிட்டேன். ஜம்மு காஸ்மீர்னா பனி, அங்கன போனா உனக்கு மூச்சு நின்னு போகும்னு சொன்னேன். அவ நம்பல. அப்ப எங்க வீட்டுல ஒரு காலண்டரு தொங்குச்சு, இங்கன பிரஸ்ல அடிச்சதுதான். மல, மரம், வீட்டுக் கூர, எல்லாமே வெள்ளவெளேர்னு கெடக்கும். கீள காஸ்மீர்னு போட்டுருக்கும். அதக் கொண்டாந்து அவ முன்னால விரிச்சேன். பாரு, இதுல நீ எங்கன மூச்சு விடுவனு. அந்தப் படத்த அடிச்சவுக ஒருத்தருக்காச்சும் பனி தெரியுமா சிஸ்டர்? வெயில்ல சட்டையக் களத்திப் போட்டுட்டு அடிச்ச படம். நானும் அதக் காட்டித்தான் பயமுறுத்துனேன்.

சண்டையா? துப்பாக்கிச் சண்டை நடக்குற ஊருனு எங்க வீட்டுக்காரரு ஒருதடவ சொன்னாரு. அதுக்கு பொன்மணியே சிரிச்சா. வெடிக்குப் பயப்படுற ஊரா மச்சான் இதுன்னா. அவளுக்குப் பயம் பனிதான், நான் சொல்லிச் சொல்லி.

அப்புறமும் ஒரு நப்பாச அவளுக்கு. அதனால மிலிட்டரி உக்கிரபாண்டி அண்ணாச்சிட்ட கூட்டிட்டுப் போனேன். மேலத் தெருவுல இருக்காக. காஸ்மீர்ல பனியில நின்னு எடது காலுல ரெண்டு வெரலு கருகி எடுத்துட்டாக. காலக் காட்டுங்க அண்ணாச்சினு நாந்தான் கேட்டேன். அவரு காட்டிட்டு, தாயி, இது மேல மலையில நடந்தது, கீள ஜம்முல வந்தான்னு என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. சரி அண்ணாச்சி, அடுப்புல சோறு கெடக்குனு அவ கையப் பிடிச்சு இளுத்துட்டு வந்துட்டேன். வர்ற வளி பூராம் அவ குனிஞ்சு தன் காலு வெரலையே பாத்துக்கிட்டு வந்தா.

அவ்வளவுதான். அவ போகல. ஆஸ்பத்திரி வேலையையும் விட்டுட்டா, நான் பிள்ளை பெத்துக் கெடந்தேன்ல. நடுவுள்ளவனுக்கு ஒரு வயசு ஆனப்ப, வீட்டுல சும்மா இருக்கேனேனு அவளும் கம்பெனிக்கு வந்தா. ஆளுக்கு ஒரு நாளு மாத்தி மாத்தி பிள்ளையப் பாத்துக்கிட்டோம். என்னைய குளாய் உருட்டுற பக்கம் விட்டாக. அவ படிச்ச பிள்ளை, கை சுத்தம், நிதானம். அதனால வெடிமருந்து அடைக்கிற ரூமுக்கு எடுத்துக்கிட்டாக.

வந்ததும் அவ கையப் பத்திக் கேக்கப் போறீகனு தெரியும். அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் சொல்லல. பாத்தா உங்களுக்குத் திடுக்குனு இருக்கும், இப்பமே சொல்லிருதேன்.

ரெண்டாயிரத்தி அஞ்சு, ஆவணி. சீசன் நேரம். காத்தே இல்ல, தகரம் சுடுற வெயிலு. காலைல பதினோரு மணி இருக்கும். அவ இருந்த நாலாம் ரூம்ல தீப் பிடிச்சிருச்சு. எப்படிப் பிடிச்சுச்சுனு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. கூட வேலை பாத்த ராமுத்தாயும் இன்னொரு பிள்ளையும் அங்கனயே முடிஞ்சுட்டாக. பொன்மணி கதவுப் பக்கம் இருந்ததால வெளிய விளுந்தா. நாலு மாசம் மதுரையில கெடந்தா. வலது கையில அஞ்சு வெரலும் ஒண்ணாச் சேந்துருச்சு சிஸ்டர், கரண்டி மாதிரி. களுத்துல இருந்து இந்தக் கன்னம் வரைக்கும் தோலு சுருங்கிக் கெடக்கு. நீங்க பாத்து அளுதுறாதீக. அவளுக்குப் பிடிக்காது.

இல்ல, கல்யாணம் கட்டல. கேட்டு யாரும் வரல.

அத விடுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு நடந்துச்சு. அந்த வருசம் ஆரம்பத்துல டிவில காஸ்மீர்ல பனி சரிஞ்சு ஊரே மூடிருச்சுனு காட்டுனாக. பொன்மணி சோத்துக் கையோட எந்திரிச்சு வந்து என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. எக்கா, நீ மட்டும் தடுக்கலேன்னா நான் இதுக்குள்ளதான கெடந்திருப்பேன்னு அளுதா. நான் அவ தலையத் தடவிக் குடுத்தேன். எந்தக் கையால தடவுனேன்னு நெனச்சா இப்பவும் கூசுது.

மதுரையில கட்டுப் போட்டுக் கெடந்தப்பவும் அதையேதான் சொன்னா. மூஞ்சில பாதி துணி. கை போனாப் போகுதுக்கா, இங்கன இருந்ததால உசுரு இருக்கு, அங்கன போயிருந்தா அதுவும் இருந்திருக்காதுன்னா. எனக்கு ஆறுதலு சொல்லுதா சிஸ்டர். குளாயடியில பொம்பளைகட்ட இன்னமும் சொல்லிக்கிட்டு இருக்கா, எங்கக்கா கெட்டிக்காரி, எனக்கு உசுரு குடுத்தவனு. நான் கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்துருவேன்.

அவ திட்டுனா எனக்கு நிம்மதி. ஒரு நாளு கூட திட்டல.

வேண்டாம் சிஸ்டர், நீங்க எனக்காக அப்படிச் சொல்ல வேண்டாம். தெரியாமச் செஞ்சது, படிக்காதவ, பனினு நம்பிட்டா, உன் மேல தப்பில்லனு நீங்க சொல்லுவீகனு எனக்குத் தெரியும். நல்ல மனசு உங்களுக்கு. முதல்ல தெரியாமத்தான் சொன்னேன். வடக்கன்னா குளிரு, காஸ்மீர்னா பனினு எல்லாரையும் போல நானும் நெனச்சேன். அம்புட்டு மட்டும் இருந்திருந்தா நான் உங்கள இங்கன வரச் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்களுக்கு ஒரு வருத்தம் இருந்திருக்குமே. எளுதுன கடுதாசிக்கு பதில் வரலயேனு.

ஆமா. உங்க கடுதாசி வந்துச்சு சிஸ்டர்.

உக்கிரபாண்டி அண்ணாச்சி காலப் பாத்துட்டு வந்த மறுநாளே, எனக்குத் தெரியாம அவ உங்களுக்கு எளுதிக் கேட்டிருக்கா, பனி எப்படி, இளைப்பு உள்ளவ தாங்குவாளானு. உங்க பதிலு வந்தப்ப அவ டூட்டிக்குப் போயிருந்தா. தபால்காரரு பலவேசம் என் கையில குடுத்துட்டுப் போனாரு. நான் அஞ்சாவதுதான், ஒவ்வொரு எளுத்தா கூட்டித்தான் படிப்பேன். மூணு தடவ படிச்சேன். ஜம்முல பனியே விளாது பொன்மணி, அது மேல தூரத்துல, இங்கன நம்ம சிவகாசிய விட வெயிலு, தை மாசம் மட்டும் ஒரு போர்வையும் சொட்டரும் போதும், நூல் சேல நாலு எடுத்துட்டு வா, உன் இளைப்புக்கு இங்கன நல்ல டாக்டர் இருக்காக, ஸ்டேசனுக்கு நானே வந்து நிப்பேன்னு எளுதியிருந்தீக. கடைசியில ஒரு வேத வசனமும் இருந்துச்சு. அது மட்டும் எனக்குப் புரியல.

மூத்தவ குளிக்கத் தண்ணி சுட்டுக்கிட்டு இருந்துச்சு. கடுதாசிய அந்த அடுப்புல வச்சேன்.

அவ பதினஞ்சு நாளு தபால்காரரு வர்ற நேரமெல்லாம் வாசல்ல நின்னா. அப்புறம், சிஸ்டர் பெரிய எடத்துக்குப் போயிட்டாக, நம்மள மறந்துட்டாகன்னு சொல்லிட்டு உள்ள வந்து மாவாட்ட உக்காந்தா. உங்க மேலதான் அவளுக்குச் சடவு. என் மேல இல்ல.

பஸ் வந்துருச்சு போலருக்கே. உக்காருங்க சிஸ்டர், எந்திரிக்காதீக, நீங்க பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு வாய் வரும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்.

ஏ பொன்மணி, செருப்ப அங்கனயே விட்டுட்டு வா. பைய அவன்ட்ட குடு, அவன் வெளையாடப் போகட்டும். யாரு வந்திருக்கானு பாரு. ஆமா, ஹெப்சிபா சிஸ்டர்தான். மூஞ்சிய மறைக்காதடி, அவுகட்ட என்ன வெக்கம். வா, இப்படி என் பக்கத்துல உக்காரு. அவுகட்ட கோவிச்சுக்கிடாத, அவுக உன்னய மறக்கல. அந்தப் பனியக் கினியப் பத்தியெல்லாம் கேக்காத. ஜம்முல பனியே கிடையாதாம், நம்ம ஊரு மாதிரி வெயிலாம்.

இல்லடி, இப்ப சிஸ்டர் சொல்லித் தெரிஞ்சது இல்ல. நீ கெளம்ப இருந்தப்பவே எனக்குத் தெரியும்.