குழாய் டெஸ்டுக்கு ஸஹர்

"டெஸ்ட்டைக் கெடுத்தது டாக்டர் இல்ல, நீங்கதான்."

காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் போகும் பஸ்ஸில், முன் சீட்டு அம்மாள் தன் கணவரிடம் சொன்னார்.

"வெறும் வயித்துல வரச் சொன்னாரு. நோன்பாத்தானே இருந்தேன்?"

"விடியுமுன்ன எழுந்திரிச்சு ஸஹர் சாப்பிட்டது யாரு?"

"ஸஹர் வைக்காம என்ன நோன்பு?"

"ஸ்கேன்ல வயித்துல தெரிஞ்ச கட்டி, வாய் வழியா குழாய விட்டுப் பார்த்தா தெரியல. இடியாப்பமும் எறா ஆணமும்தான் கிடக்குதுன்னாரு."

"அபூர்வமான கட்டியாம்ல. லேசுல காட்டுமா?"

எனக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

"சிரிக்காதீங்க. கட்டியில ஒரு துண்டு எடுத்துப் பார்த்தாத்தான் எந்த மாத்திரைக்குச் சுருங்கும்னு தெரியும். சுருங்குனாத்தான் ஆபரேஷன். நீங்க தின்னு முடிக்கிற வரைக்கும் அது வளராம நிக்குமா?"

அவர் சட்டைப்பையிலிருந்து டாக்டர் மறுபடி வரச் சொல்லி எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"வியாழக்கிழமை போவோம். ஒரே ஒரு தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு."

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"பஸ்ஸுல இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கணும். வியாழக்கிழமை விடியக்காலையில அடுப்படிப் பக்கம் வருவீங்களா, மாட்டீங்களா? சத்தமா சொல்லுங்க மச்சான்."