வாய் வைத்து உறிஞ்சுகிற வேலை

“ஊர்ல பாதிப் பேரு ரத்தத்தோட ருசி எனக்குத் தெரியும்னு எங்க வீட்டுக்காரரு சிரிச்சிக்கிட்டே சொல்லுவாரு” என்றாள் முன்சீட்டு அம்மா. காரைக்காலிலிருந்து வரிச்சிக்குடி போகிற பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்த எனக்குத் தூக்கம் பறந்தே போயிற்று.

அவள் பக்கத்திலிருந்த சின்னப் பெண், அந்த வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவள் என்று பேச்சில் தெரிந்தது.

“டெஸ்ட்டுக்கு அளந்தெடுக்கக் கண்ணாடிக் குழாயில வாய் வெச்சு ரத்தத்தை உறிஞ்சுறப்ப எல்லாருக்கும் ஒருவாட்டியாச்சும் நாக்குல பட்டுடும்க்கா. ஒடனே கொப்புளிச்சிடுவோம்.”

“அவரும்தான் கொப்புளிச்சாரு. மஞ்சக்காமாலைன்னதும் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன், எண்ணெயை நிறுத்துனேன். ஈரலே போயிட்ட பொறவுதான் டாக்டரு அந்தக் குழாயைப் பத்திக் கேட்டாரு. கருமாதி முடிஞ்சும் எங்க மாமியாரு என் சமையலைத்தான் குத்தம் சொல்றாங்க.”

“வாய் வெக்காம உறிஞ்சறதுக்கு ரப்பர் பல்பு வந்திருக்குக்கா. தொலைஞ்சிடும்னு பீரோவுல பூட்டி வெச்சிருக்காங்க.”

“இப்ப அவரு எடத்துல யாரு?”

“நான்தான்க்கா.”

அந்த அம்மா அவள் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழிமையை இழுத்துப் பார்த்தாள்.

“கண்ணுல மஞ்ச இல்ல, வெள்ளையாத்தான் இருக்கு” என்றாள். அப்புறமும் கையை எடுக்கவில்லை.