முதலில் இறங்க வேண்டிய மலை

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அமெரிக்காவில் இருக்கும் மகள் அவர்களை அங்கே ஒரு தேசியப் பூங்காவில் மலைப் பள்ளத்தாக்கில் நடக்கக் கூட்டிப்போகிறாளாம். அதற்காகக் கணவர் தினமும் மலைக்கோட்டை ஏறிப் பழகுகிறார்.

"மூச்சு வாங்குனா பாதியிலயே திரும்பிடுவேன். இறங்கறது சுலபம்தானே," என்றார்.

"அங்க முதல்ல இறங்கணுங்க. திரும்பி வரும்போதுதான் ஏத்தம்," என்றார் மனைவி.

"அதெப்படி? மலைன்னா ஏறிட்டுத்தானே இறங்குவாங்க?"

"கார் உச்சியிலயே நிக்குமாம். ஆறு அடியில ஓடுதாம்."

"அப்போ பாக்க வேண்டியது கீழயா இருக்கு?"

"ஆமா."

"பாதி இறங்கினப்புறம் முடியலேன்னா?"

"ஏறித்தான் வரணும்."

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. நான் சீட்டின் நுனிக்கு வந்தேன். அடுத்த மாதம் என் மகனும் என்னை அப்படியொரு இடத்துக்குத்தான் கூட்டிப்போகிறான். பாதியில் திரும்பிவிடலாம் என்பதுதான் என் வீரத்தின் மொத்த மூலதனம். மலைக்கோட்டையிலும் பாதி வழியில் இருக்கும் தாயுமானவர் சன்னதியோடு திரும்பிவிட்டு, உச்சிவரை போனதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"நீங்க மேலயே உக்காருங்க. நான் இறங்கிப் பாத்துட்டு வந்து சொல்றேன்," என்றார் அந்த அம்மாள்.

"தனியாவா போவே?"

"மக கூட வர்றா. உங்களைத் தூக்கிட்டு வரத்தான் ஆள் இல்ல."

அவர் சிரித்துவிட்டார். நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், கார் நிறுத்துமிடத்தில் நிழலில் பெஞ்ச் உண்டா என்று மகனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.