காய்ச்சல் கழிவு

மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டால் எனக்கு இறங்காது ஐயா. மனைவி போன பிறகு வந்த பழக்கம். ராத்திரியை டீக்கடை பன்னோடு முடித்துக்கொள்வேன். பகலில் மட்டும் எதிரே ஒரு ஆள் வேண்டும். திண்டிவனத்தில் நான் கணக்கு எழுதும் மல்லாட்டை மில்லில், அதாவது நிலக்கடலை மில்லில், அந்த ஆள் சகாயராஜ். குடோனும் எடைமேடையும் அவன் பொறுப்பு. எங்கள் சாதி ஆட்கள் அவனோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். நான் சாப்பிட்டேன். அவன் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பைக்கூட எடுத்து ஊற்றிக்கொள்வேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாசம் சாப்பிடும்போதுதான் சொன்னான். "விழுப்புரத்துல ரைஸ் மில்லுல கூப்புடுறாங்கண்ணா. சம்பளமும் கூட. ஒண்ணாந்தேதி சேரணும்."

நல்லது என்றேன். விழுப்புரம் ஒரு மணி நேர பஸ்தான், தெரியும். ஆனால் என்னோடு சாப்பிட யார் பஸ் ஏறி வருவார்கள்? பயமாக இருந்தது ஐயா, வேறொன்றுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் சித்ரா அம்மா கணக்கு மென்பொருளோடு ஏஐயை இணைத்தார்கள். முதலாளி சம்சாரம். அவர் இறந்த பிறகு மில்லைப் பார்ப்பது அவர்கள். அதுவரை டீச்சர், தொழில் தெரியாது. போனில் தமிழில் கேட்டால் போதும், அது கணக்கையெல்லாம் படித்துப் பதில் சொல்லும். "அதுக்கு சாதியும் இல்ல, சொந்தமும் இல்ல. அது ஏன் பொய் சொல்லப் போவுது?" என்பார்கள். நானும் ஒரு நாள் அதனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன். சரக்கு இருப்பு பற்றி என்ன தெரியவேண்டும் என்று கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

இணைத்துக் கொடுத்த ஆள் என்னிடம், மில்லின் வழக்கங்களை எழுதிக் கொடுங்கள், எழுதாதது அதற்குத் தெரியாது என்றார். கோணி எடை கழிப்பது, கூலியாட்கள் வீட்டுக்கு அள்ளிக் கொடுப்பது, எல்லாம் எழுதினேன். ஒன்றை விட்டேன். ஈரத்தோடு வரும் மல்லாட்டை களத்தில் காயக் காய எடை குறையும். அதைக் காய்ச்சல் கழிவு என்போம். முதலாளிக்கு அது பார்த்தாலே தெரியும் என்பதால் கணக்கில் எழுதுகிற வழக்கமே இல்லை. சகாயராஜ் வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"காய்ச்சல் கழிவ எழுதிட்டீங்களாண்ணா?"

"எழுதிட்டேன், போடா" என்றேன்.

சரக்கு ஏன் குறைகிறது என்று அம்மா ஏஐயிடம் கேட்டார்கள். குறைந்த சரக்கெல்லாம் சகாயராஜ் பொறுப்பில் இருந்தது என்றது. அதன்மேல் பழி போடக்கூடாது ஐயா, அது நியாயமாகத்தான் பேசியது. திருட்டு என்று சொல்லவில்லை. காய்ந்தும் குறைந்திருக்கலாம், தொழில் தெரிந்தவரைக் கேளுங்கள் என்றது. தெரிந்தவன் நான்.

அம்மா என்னையும் சகாயராஜையும் கூப்பிட்டார்கள். "காஞ்சதுலதாம்மா கொறைஞ்சிது. அண்ணனையே கேளுங்க" என்றான். அம்மா என்னைப் பார்த்தார்கள்.

"இவ்ளோ காயாதும்மா" என்றேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். பேர் கெட்டால் விழுப்புரத்தில் எடுக்கமாட்டார்கள். நான் கெஞ்சினால் அம்மா அவனை இங்கேயே வைத்துக்கொள்வார்கள். அங்கேயே கெஞ்சினேன். "பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதும்மா. புத்தி கெட்டுப் பண்ணிட்டான். இந்த ஒரு தபா மன்னிச்சு வுட்டுடுங்க." மனசார மன்னித்தார்கள். விழுப்புரத்துக்கு மட்டும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். சகாயராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று சாயங்காலம் பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டான். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

இந்த முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அவன் தலையை மடியில் வைத்துக் கொண்டுவந்தது நான்தான். பிழைத்துவிட்டான். தொண்டை வெந்துபோனதில் பேச்சு வரவில்லை. லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறேன். அவன் மனைவி கலையரசி, "உங்கள வுட்டா எங்களுக்கு யாருண்ணா இருக்காங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக்கிக்கொள்கிறான். வலி இருக்கும் பாருங்கள். நான் உட்கார்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். ஜன்னல் வெளிச்சம் கண் கூசுகிறது போல. என் துண்டை அவிழ்த்து மறைத்துக் கட்டியிருக்கிறேன்.

சகாயராஜ் ஒரு மூட்டைகூட எடுத்தவனில்லை. காய்ச்சல் கழிவை நான் வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். கேட்டபோது பொய்யும் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும், காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் ஐயா. இவ்வளவு நேரம் நான் பக்கத்தில் இல்லையென்றால் அவன் தேடுவான்.