ஹம்மாமிலிருந்து வந்தவள்

ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணி. ஜூலை மாதம். புகாராவின் பழைய நகரத்தில், மண்சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து... அந்த வெயிலில் ஒரு பூனைகூட இல்லை. முசுக்கட்டை மரத்தடியில், ஒரு பெஞ்சில், ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

பெயர் ஃபர்ரூக். என்னோடு தாஷ்கண்ட் பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கிறானே ஒடில், அவனுடைய சொந்த அண்ணன். அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஃபர்ரூக்குக்கும் ஸெபோவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம். சேர்ந்து எங்கேயும் போனதில்லை. மகள் கோமிலாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ரயிலேறினார்கள். இரண்டே நாள். சனிக்கிழமை முழுக்கக் கோட்டை, பெரிய மினார், அமீர் காலத்துச் சிறை என்று சுற்றினார்கள். சாயங்காலம் குளத்தங்கரைத் தேநீர்க் கடையில், கட்டிலில் சம்மணமிட்டு, கம்பியில் சுட்ட ஷஷ்லிக் கறி, பச்சைத் தேநீர். அவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தாராம். அவள் கேலி செய்திருக்கிறாள்.

"புகாராவ உங்க போன்தான் பாத்துச்சு, கோமிலா அப்பா. நீங்க எப்ப பாக்கப் போறீங்க?"

அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்ததே இல்லை என்று பிற்பாடு ஒடிலிடம் சொன்னார்.

மறுநாள் நாலு மணிக்கு ரயில். அதற்கு முன்னால் அவளுக்கு ஓர் ஆசை. பெண்களுக்கென்று நானூறு வருடப் பழைய ஹம்மாம், பொதுக் குளியல்கூடம், ஒன்று அங்கே இன்னும் திறந்திருக்கிறது. வெந்நீர்க் குளியல், இஞ்சி அரைத்து உடம்பெல்லாம் தேய்த்துவிடுவார்கள். ஃபர்ரூக்கே போன் செய்து ஏற்பாடு பண்ணினார். ஸெபோ படியிறங்கிப் போனாள். அந்தக் கட்டடம் முக்கால்வாசி தரைக்குக் கீழே இருக்கிறது. அவர் வெளியே மரத்தடியில்...

மூன்று மணிக்கு வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துவட்டாமலே வந்திருந்தாள். களைப்பு என்று நினைத்தார்.

ரயிலில் தலை காயவில்லை. வீட்டுக்கு வந்தும் காயவில்லை. மறுநாள்... அடுத்த வாரம்... தாஷ்கண்டில் தார் உருகும் வெயில், அவள் கூந்தல் மட்டும் சொட்டச் சொட்ட. தினமும் காலையில் தலையணை நனைந்து கிடக்கும். முகர்ந்தால் ஈரமண் வாசனை. அதற்கும் அடியில் இஞ்சி.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. சமைத்தாள். டீச்சர் அவள், கோடை வகுப்புக்குப் போய் வேதியியல் நடத்தினாள். யார் பெயரையும் மறக்கவில்லை. ஒருநாள் அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியை வெறுங்கையால் தூக்கி வைத்தாள். கை சுடவில்லை. டாக்டர்கள் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

கோமிலாவுக்கு எட்டு வயது. ஒருநாள் சாப்பிடும்போது, அம்மா பக்கத்திலேயே ரொட்டி பிய்த்துக்கொண்டிருக்க, அழாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்பா, அம்மா எப்ப ஊர்லேருந்து வருவாங்க?"

ஸெபோ ரொட்டி பிய்ப்பதை நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு போன். ஹம்மாமில் வேலை பார்க்கும் மவ்லூதா என்ற பெண். தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க... உங்க வீட்டம்மா இன்னும் உள்ளதான் இருக்காங்க."

பக்கத்து அறையில் அவர் மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டி... உஸ்ஸ்... உஸ்ஸ்...

அந்த வாரமே தனியாகப் புகாரா போனார். குளிக்க வந்த பெண்கள் எல்லோரும் கிளம்பியபிறகு மவ்லூதா அவரை உள்ளே அழைத்துப் போனாள். ஒரு கூடம், அதற்குள் இன்னொரு கூடம். போகப் போக வெப்பம். கடைசி அறையில் ஜன்னலே கிடையாது. எங்கோ தண்ணீர்... ட்டிக்... ட்டிக்... அவள் ஒரு செங்கல் சுவரைக் காட்டினாள். காதை வைத்தார்.

"கோமிலா அப்பா, மணி என்ன ஆச்சு? இதோ... தலைய துவட்டிட்டு வந்துடறேன். ரயில் போயிடப் போகுது."

அவளுக்கு இன்னும் அதே ஞாயிற்றுக்கிழமை.

நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டி நாலு செங்கலைப் பெயர்த்தார். பின்னால் வெறும் மண். கெட்டியான, வறண்ட, பழைய மண். கையை விட்டுத் தோண்டினார். குரல் இன்னும் உள்ளே தள்ளிப் போனது. விரலெல்லாம் ரத்தம். யாரிடம் போய் என்ன சொல்வது? என் மனைவியைக் காணோம் என்றா? வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே.

மவ்லூதா செங்கற்களைத் திரும்ப அடுக்கினாள். அவர் சுவரில் வாயை வைத்து, "நேரம் இருக்கு, ஸெபோ. மெதுவா வா" என்றார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை போனார். இரண்டு வருடம். அவள் அதே கேள்வி கேட்பாள். இவர் அதே பொய்யைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் கொஞ்சம் தூரத்தில். பிறகு ரயிலேறி வந்து, வீட்டில் இருப்பவள் சமைத்து வைத்ததைச் சாப்பிடுவார். அவளும் எங்கே போனீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன நவம்பரில் கடைசியாகப் போனார். சுவரில் காதை வைத்தார். மணி என்ன என்று அவள் கேட்டாள். இவர் வாயைத் திறப்பதற்குள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல்...

"வா, ஸெபோ. நேரமாச்சு. போகலாம்."

லேசாக மூக்கால் பேசும் குரல். தன் குரல்தான் என்று சத்தியம் செய்கிறார். ஸெபோ சிரித்தாள். ஈரத்தரையில் மரச்செருப்புச் சத்தம், இரண்டு பேருடையது... டக்... டக்... தூரமாகி, தூரமாகி... நின்றுபோயிற்று.

அப்புறம் அந்தச் சுவர் பேசவில்லை. அவரும் புகாரா போகவில்லை. தினமும் மதியம் பணிமனைக்குப் போன் செய்கிறார். ஒடில் எடுப்பான். நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஒரே கேள்விதான்.

"ஒடில்... அன்னிக்கு அந்த ஹம்மாம்லேருந்து வெளிய வந்தது நான்தானேடா?"