நாலு ஹாரன்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்து. காரைச் சர்வீசுக்கு விட்டுவிட்டு வந்த பெண், பக்கத்து சீட்டில் இருந்த, தன்னோடு முன்பு வேலை பார்த்த அக்காவிடம் சொன்னாள்:

"இப்பவும் கார்ல ஏறுனா ஒரு ஹாரன் அடிச்சுட்டுத்தான்க்கா கெளம்புறேன்."

"பழைய கம்பெனிய உட்டு ரெண்டு வருசமாச்சு. இன்னுமா?"

"அங்க நைட் ஷிப்ட் முடிஞ்சு நாம நாலு பேரும் சாவிய கையில வெச்சுக்கிட்டு ஒண்ணா பார்க்கிங்குக்கு நடப்போம். பின்சீட்ட எட்டிப் பாத்து, ஏறி, லாக் பண்ணி, ஆளுக்கொரு ஹாரன். நாலும் கேட்டாத்தான் வண்டிய நகத்துவோம்."

"ஒருநாள் நீ அடிக்கல. மூணு பேரும் பதறி ஓடியாந்தோம்."

"பாட்டு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இருவரும் சிரித்தார்கள்.

"புது கம்பெனியில அடிச்சா வாட்ச்மேன் மொறைக்கிறாருக்கா. பதிலுக்கு அடிக்க ஆளில்ல."

குருபரப்பள்ளி வந்தது. அக்கா எழுந்தார்.

"இனிமே எனக்குப் போன் போட்டுட்டு அடி. நான் கேக்குறேன்."

படியில் இறங்கியவர் திரும்பினார்.

"கதவ லாக் பண்ணிட்டு அப்புறமா போன எடு."