மணியின் சிரிப்பு

தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், என் எதிர் சீட்டு அம்மாள் தன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் செல்போனை நீட்டினார்.

"வயசானப்புறம்தான் எங்க மணி சிரிக்கவே ஆரம்பிச்சிருக்கான். பாரேன்."

படத்தில் ஒரு கிழட்டு நாய் வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டிருந்தது.

"இந்த மார்கழிக் குளிர்லயும் இப்படி மூச்சு வாங்குறானாக்கா?"

"சும்மா படுத்திருந்தாலும் இப்படித்தான்."

"எங்க ஜூலியும் இப்படித்தான் இருந்தா. டாக்டர் இடுப்பை அழுத்திப் பார்த்துட்டு மூட்டு வலின்னார்."

"வலிச்சா கத்த மாட்டானா?"

"எல்லா நாயும் கத்தாதுக்கா. சிலது இப்படி இரைக்கும். இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

சானடோரியம் ஸ்டேஷன் வந்து போனது. அம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த போட்டோவுக்காக அவன் இடுப்பைப் பிடிச்சுத் தூக்கி நிமிர்த்தி உட்கார வெச்சேன்."